ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி

டொலர் ஏறிய மாதம்
வங்கி அட்டை மூன்று தரம் மறுத்தது.
சிங்கப்பூரில் எங்கேயோ ஒரு குளிரறையில்
நாங்கள் வாடகைக்கு வைத்திருந்த துண்டு இடத்தில்
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினேழு பேரின்
பெயர், தொலைபேசி, இரத்த வகை.
வாடகை கட்டாவிட்டால்
அழிப்பதற்கு முன் ஒரு மின்னஞ்சல் அனுப்புவார்களாம்.
மரியாதையான ஆட்கள்.

யூனிட்டி பிளாசாவில் பழைய பெட்டியொன்று வாங்கினேன்.
மூடியைக் கழற்றினால்
யாரோ புகைத்த சிகரெட்டின் வாசம்.
துடைத்து எடுத்து,
வெள்ளவத்தையில், கடலிலிருந்து மூன்றாவது வீட்டில்,
ஆணிகூட ஆறு மாதத்தில் துருவேறும் குசினியில்
ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
சுற்றிவர எறும்புச் சோக்கால் ஒரு கோடு.

எப்படியும் மாற்றுகிறாய், முகத்தையும் மாற்று என்றாள்
அன்ரனீற்றா. இரத்த வங்கியில் பதினாறு வருடம் வேலை.
"வாறவை ஒற்றைக் கையாலதான் தொடுவினம்.
மற்றக் கையில துண்டு இருக்கும்,
இல்லாட்டி ஆளின்ர கை."
பொத்தானைப் பெருவிரலளவு பெருப்பித்தேன்.
மூன்று மொழியையும் முதல் திரையிலேயே வைத்தேன்.
மேலே சொட்டிக்கொண்டிருந்த சிவப்புத் துளிப் படத்தை எடுத்தேன்:
வருகிறவர்கள்
போதுமானதைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

ஒரு ராத்திரி மூடிவிட்டுச் செய்யேன் என்றான் தம்பி.
எந்த ராத்திரி?
பதிவேட்டைப் பிரித்துப் பார்த்தேன்.
ஐந்து வருடத்தில் யாருமே கேட்காத ராத்திரிகள்
பதினொன்று.
ஒன்றுகூட முன்கூட்டிச் சொல்லிவிட்டு வரவில்லை.

ஆகவே நான்கு நாள் இரண்டும் ஓடின.
காலி வீதியில் ஒரே இலக்கத்து இரண்டு பஸ்
பக்கத்துப் பக்கமாய் அடிபட்டு ஓடுமே, அப்படி.
எதில் தொற்றினாலும் புறக்கோட்டை.
பழையதில் விழும் ஒவ்வொரு வரியும்
அடுத்த மூச்சில் புதியதிலும் விழக் கட்டினேன்.
உலகம் எங்கள் முகவரியை ஒரு நாள் முழுக்க
ஞாபகம் வைத்திருக்கும் வழக்கம்;
ஐந்து நிமிடம் போதும், மறந்துவிடு, திரும்பக் கேள்
என்று எழுதி வைத்தேன்.

புதன் அதிகாலை இரண்டே முக்காலுக்கு
முகவரியைத் திருப்பினேன்.
கடைசி ரயில் போய் எவ்வளவோ நேரம்.
கடல்.
பெட்டியின் விசிறி.

இரண்டு ஐம்பத்தொன்றுக்கு ஒரு வேண்டுதல்:
களுபோவில, ஓ நெகட்டிவ், இரண்டு பைந்து.
அந்தத் தொலைபேசி இன்னும்
பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருந்தது.
கேள்வி சிங்கப்பூரில் விழுந்தது.
நான் எழும்பிய வேகத்தில் கதிரை சரிந்தது.
மூன்று மணிக்கு இரண்டு நிமிடம் இருக்க
மொரட்டுவையிலிருந்து பதில்,
சிங்களத்தில், என் குசினிக்கு:
வருகிறேன், பைக்கில் பெற்றோல் இருக்கிறது.
கேள்வி ஒரு வீட்டில், விடை இன்னொரு வீட்டில்,
நடுவில் நான் முடிந்த நூல்.
அறவில்லை.

ஒருவருக்கும் தெரியவில்லை.
தெரியக் கூடாதென்றுதான் நான்கு நாள் கண்மூடவில்லை;
ஆனாலும் யாராவது ஒரு வரி எழுதுவார்கள் என்று
வெள்ளி வரைக்கும் பார்த்தேன்.
பிலியந்தலையிலிருந்து ஒருவர் எழுதினார்:
பழைய நிறம்தான் நல்லது.

அன்றிரவே பழைய இடத்தை ஒழித்தேன்.
உறுதியா என்று கேட்டது.
இரண்டாம் தரமும் கேட்டது.

சனி பின்னேரம் இடியோடு கரண்ட் போனது.
பற்றரி கீச்சிடத் தொடங்கியது.
பதினெட்டு நிமிடம் தாங்கும்.
இனி முன்கூட்டி மின்னஞ்சல் அனுப்ப
மரியாதையான ஆட்கள் எவரும் இல்லை, நான்தான்.
ஃபிரிட்ஜ் அடங்கிவிட்டது.
பெட்டி மட்டும் ஒற்றைப் பச்சைக் கண்ணோடு.
ஏழாவது நிமிடத்தில் மகரகமவிலிருந்து யாரோ
பி பொசிட்டிவ் கேட்டார்கள்.
ஒன்பதாவதில் கிடைத்தது.
பன்னிரண்டு.
பதின்மூன்று.
சோக்குக் கோட்டுக்கு வெளியே எறும்புகள்
வரிசையாய் வந்து நின்றன.
பதினாறில், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்
"வந்திட்டுது!" என்று கத்தினார்கள்.